பொதிகையின் மறுபக்கம்

முந்தைய நாள் இரவு, விதுரா

அம்பாசமுத்திரத்துப் பிள்ளைகளுக்கு மேற்குத் திசையைக் காட்டித் தருவது பொதிகை மலைதான். காலையில் வாசலில் நின்று மலை தெளிவாகத் தெரிகிறதா, மேகம் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதும், மேகம் கருத்துத் தாழ்ந்திருந்தால் இன்று ஆற்றில் இறங்காதே என்று பெரியவர்கள் சொல்லிவிடுவதும் எங்கள் வளர்ப்போடு சேர்ந்தவை. அந்த மலையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்கு ஏறிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை, நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் எங்கள் நால்வருக்கும் கைகூடியிருக்கிறது. அதுவும் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து அல்ல. மலையைச் சுற்றிக்கொண்டு கேரளத்துக்குள் வந்து, அதன் மறுபக்கத்திலிருந்து ஏறப் போகிறோம்.

பாபநாசம், காரையாறு வழியாக மேலே சென்று வந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் அவ்வழியாக ஏற இப்போது அனுமதி இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து செல்லும் பாதை மட்டுமே திறந்திருக்கிறது. அதையும் கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் திறந்து சில வாரங்களில் மூடிவிடுகிறது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று எண்ணி, முன்பதிவு செய்தவர்களை மட்டுமே வழிகாட்டியுடன் அனுப்புகிறது. இந்த மலைக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டுமே கிடைப்பதால், ஜூனில் தொடங்கும் மழை டிசம்பர் வரை இடைவெளி விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். ஓடைகள் வடிந்து, பாறைகள் ஓரளவு காய்ந்து, மனிதர் கால் வைக்கத் தக்கதாக மலை இருப்பது ஆண்டின் தொடக்கத்தில்தான்.

என்னுடன் வந்திருக்கும் மூவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறார். இந்த மலையின் செடிகொடிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருந்தும் உச்சிக்கு இதுவரை ஏறியதில்லை. இன்னொருவர் வங்கி ஊழியர். மூட்டுவலியோடு ஆறு மாதம் விடாமல் நடைப்பயிற்சி செய்து, மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்றிதழ் பெற்று வந்திருக்கிறார். மூன்றாமவர் எங்கள் தோழி, பள்ளி ஆசிரியை. அவருடைய தந்தை இளவயதில் பாபநாசம் வழியாக இருமுறை இந்த மலைக்குச் சென்று வந்தவர்; தாம் கண்டதையெல்லாம் மகளுக்குச் சொன்ன அவரே, பெண்கள் அங்கே போவதில்லை என்பதையும் சொல்லி வளர்த்தார். அந்தத் தடையை 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் நீக்கியது. அடுத்த ஜனவரியில், பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல், தீர்ப்புக்குப் பிறகு உச்சியை அடைந்த முதல் பெண் ஆனார். அந்தச் செய்தி வந்த நாளிதழ்ப் பக்கத்தைத் தந்தை ஒன்றும் சொல்லாமல் மடித்துத் தன் கையில் கொடுத்ததாகத் தோழி இன்று பேருந்தில் சொன்னார். அதன் பிறகு எங்கள் பேச்சு வேறு எதற்கும் போகவில்லை.

முதல் நாள், அதிருமலை முகாம்

விடியற்காலையில் விதுராவிலிருந்து புறப்பட்ட வண்டி, வளைந்து வளைந்து ஏறிப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. தோட்டம் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. தொழிற்சாலையின் சன்னல் கண்ணாடிகள் உடைந்திருக்கின்றன. தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளில் சிலவற்றில் மட்டும் புகை எழுகிறது. கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்தி வைப்பதால்தான் தேயிலையை நாம் செடி என்கிறோம். கவாத்துக் கத்தி படாமல் விடப்பட்ட இந்தத் தேயிலைகள் வீட்டுக் கூரைக்கு மேல் வளர்ந்து, கிளை பரப்பி, மரங்களாகி நிற்கின்றன. அவற்றின் நிழலில் காட்டு மரங்களின் கன்றுகள் முளைத்திருப்பதைத் தாவரவியல் நண்பர் வண்டியை நிறுத்தச் சொல்லிக் காட்டினார். தன் இடத்தைக் காடு திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது என்பது எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த லயன் வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு, “எந்த ஊருப்பா?” என்று கேட்டபோது அந்த மகிழ்ச்சி தணிந்துவிட்டது. கொழுந்து பறித்துத் தேய்ந்த அவருடைய விரல்கள் இப்போது கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தன.

சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டும் அடையாள அட்டையும் மருத்துவச் சான்றிதழும் சரிபார்க்கப்பட்டன. பைகளைத் திறந்து பார்த்து, தவிர்க்க முடியாத நெகிழிப் பொருட்களை மட்டும் எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். எங்களிடம் இருந்தவை ஒன்பது. மாத்திரை அட்டைகள், மழைச்சட்டை உறை, ஒரு உப்புப் பொட்டலம். திரும்பி வரும்போது ஒன்பதையும் காட்ட வேண்டும். வழிகாட்டியாக வந்தவர் இந்த மலையின் பழங்குடியினரான காணிச் சமூகத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும், காலில் சாதாரண ரப்பர் செருப்பு. காணிக்காரர்களின் பேச்சில் மலையாளமும் தமிழும் கலந்திருப்பதால், எங்களுக்குள் மொழிச் சிக்கல் எழவே இல்லை.

இங்கிருந்து அதிருமலை முகாமுக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர். தொடக்கத்தில் பாதை அகலமாகவும் நிழலாகவும் சென்றது. சற்று நேரத்தில் கரமனையாறு குறுக்கிட்டது. திருவனந்தபுரத்து ஊடாக ஓடிக் கடலில் கலக்கும் அதே ஆறு, இங்கே பாறைகளுக்கிடையில் தாண்டிவிடக்கூடிய அளவில் இருக்கிறது. பிறகு வாழைப்பைந்தியாறு, அதன் பிறகு அட்டையாறு என்று ஒவ்வோர் ஓடையாகக் கடந்தோம். ஒவ்வொன்றிலும் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டோம். கடைசி ஓடையைத் தாண்டினால் நெடுந்தூரம் நீர் இல்லை என்று வழிகாட்டி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அட்டையாறு பெயருக்கேற்ப நடந்துகொண்டது. இந்த வறண்ட பருவத்திலும் அதன் ஈரச் சருகுகளிலிருந்து நூல் போன்ற அட்டைகள் எழுந்து நின்று தலையை ஆட்டி மணம் பிடித்தன. வங்கி நண்பரின் காலுறையில் மட்டும் நான்கு அட்டைகள் ஏறிவிட்டன.

அடர்ந்த மழைக்காட்டுக்குள் நடக்கும்போது நம் கண் முதலில் தோற்றுப்போகிறது. எங்கும் பச்சையே தெரிவதால் எதையும் தனியே பார்க்க முடிவதில்லை. தாவரவியல் நண்பர் எங்களைப் பட்டைகளைப் பார்க்கச் சொன்னார். செம்மை படர்ந்த பட்டையுடைய பெருமரம் ஒன்றைத் தொட்டுக் காட்டி, இது செங்குறிஞ்சி, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள இந்த மலைகளுக்கே உரியது, செந்துருணி சரணாலயத்துக்கு இந்த மரத்தால்தான் அந்தப் பெயர் என்றார். சற்றுத் தள்ளி, முள்ளடர்ந்த காய்களின் ஓடுகள் சிதறிக் கிடந்த இடத்தில் அண்ணாந்து பார்க்கச் சொன்னார், அது வெடிப்பலா. சோலைமந்திகள் விரும்பித் தின்னும் மரம். மந்திகள் கண்ணில் படவில்லை. ஆனால் அன்று காலையில்தான் கடித்துப் போட்டதுபோல் ஈரம் உலராத தோல்கள் கீழே கிடந்தன. நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி, களக்காடு முண்டந்துறை ஆகியவற்றை உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001 இல் அமைக்கப்பட்டு, 2016 இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. அதில் 2,254 வகை உயர்தாவரங்கள் பதிவாகியுள்ளன; அவற்றில் ஏறத்தாழ 400 இந்தப் பகுதிக்கே உரியவை. இந்த எண்களை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பதாகவும், இன்றுதான் அவற்றுக்கு மணம் உண்டு என்று தெரிந்ததாகவும் நண்பர் சொன்னார்.

நண்பகலில் காடு சட்டென்று முடிந்து புல்வெளி தொடங்கியது. நிழலே இல்லாத அந்த வெயிலில் ஏழுமடக்கன் தேரி என்னும் ஏற்றம், பெயரில் உள்ள மடக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக எங்களிடம் வசூலித்துக்கொண்டது. புல்வெளியைக் கடந்து மறுபடியும் காட்டுக்குள் நுழையும் இடத்தில் வழிகாட்டி திடீரென்று கையை உயர்த்தி நின்றார். முன்னால் ஆளுயரத்துக்கும் மேலான சிறுமூங்கில் புதருக்குள் ஏதோ மளமளவென்று முறிந்தது. பாதையில் கிடந்த யானை இலண்டத்திலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. நாங்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு கால் மணி நேரம் நின்றோம். அவர் காற்று வீசும் திசையை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். முறியும் ஓசை மெல்ல மெல்லச் சரிவின் கீழ்ப்பக்கம் இறங்கிப் போன பிறகு, “அவங்க போயாச்சு, நாம போகலாம்” என்றார். அவர் “அவங்க” என்று சொன்ன விதத்தில் இருந்த மரியாதையை நாங்கள் நால்வரும் கவனித்தோம்.

கடைசி ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் தேரி என்று பெயர். ஏறும்போது முழங்கால் வந்து முகவாயில் இடிக்கும் அளவுக்குச் செங்குத்து. வங்கி நண்பரின் வலது மூட்டு இங்கேதான் வீங்கத் தொடங்கியது. அவருடைய பையை நானும் தோழியும் மாற்றி மாற்றிச் சுமந்தோம். அவர் இருபது அடி ஏறுவதும் ஒரு வேரில் அமர்வதுமாக வந்தார். முகாமை அடைந்தபோது மாலை 4 மணி. சுற்றிலும் யானைகள் தாண்டாதபடி அகழி வெட்டப்பட்ட மேட்டில் தகரக் கூரையிட்ட கூடங்கள், படுக்கப் பாய், உணவுக்குக் கஞ்சியும் பயறும். அந்தக் கஞ்சியின் சூடு உள்ளே இறங்கியபோது நால்வரும் ஒன்றும் பேசவில்லை.

முகாமின் முற்றத்துக்கு நேர் எதிரே உச்சி நிற்கிறது. ஊரிலிருந்து நீலமாகத் தெரியும் மலை இங்கிருந்து கறுப்பாக, ஈரமாக, ஒற்றைப் பாறையாகத் தெரிகிறது. கைவிளக்கு வெளிச்சத்தில் இதை எழுதும்போது காற்று தகரத்தைப் பிடுங்கிவிடுவதுபோல் அடிக்கிறது.

இரண்டாம் நாள், மீண்டும் அதிருமலை

இரவு முழுவதும் குளிரில் நடுங்கியும், காலை 6 மணிக்கெல்லாம் எழுந்துவிட்டோம். உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் இருந்தது. நேற்றைய பாதையில் பாதி கூட இல்லை என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டோம். தொலைவை வைத்து இந்த மலையை அளக்கக் கூடாது என்பது ஒரு மணி நேரத்துக்குள் விளங்கிவிட்டது.

முதல் பகுதி, வேர்களையே படிகளாகக் கொண்ட ஏற்றம். நேற்றுப் பார்த்த பெருமரங்கள் இங்கே இல்லை. மரங்கள் குட்டையாகவும் முறுக்கிக்கொண்டும் நின்றன. ஒவ்வொரு கிளையும் பாசியால் போர்த்தப்பட்டிருந்தது. வழியோரத்தில் தரையோடு ஒட்டி வளர்ந்த சிறு செடி ஒன்றைக் காட்டி வழிகாட்டி நின்றார். இதய வடிவில், உள்ளங்கை அளவில், நீண்ட காம்புடன் இலைகள். அதுதான் ஆரோக்கியப் பச்சை.

அந்தச் செடியின் கதையை நண்பர் நன்கறிவார். 1987 இல் இந்த மலையில் ஆய்வுக்கு வந்த அறிவியலாளர்கள், தாங்கள் களைத்துச் சோர்ந்தபோதும் தங்களுடன் வந்த காணி வழிகாட்டிகள் சோராமல் நடப்பதைக் கண்டு வியந்தார்கள். அவர்கள் அவ்வப்போது ஏதோ சிறு காய்களைக் கிள்ளித் தின்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் செடியிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்குத் தர ஒப்புக்கொண்டது. அதைப் பெறுவதற்காக 1997 இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கைத் தந்த முன்னோடி முயற்சியாக உலகெங்கும் இது எடுத்துக் காட்டப்படுகிறது. நண்பர் இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லி முடிக்கும் வரை வழிகாட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “எங்க அப்பன் சாத்தான் களஞ்சுன்னு சொல்லுவான் சாரே, காயைத் தின்னா பசி தெரியாது” என்றார். யாரும் ஓர் இலையைக்கூடப் பறிக்கவில்லை.

பொங்கலப்பாறை என்பது நீர் வழிந்தோடும் அகன்ற பாறைவெளி. பக்தர்கள் பொங்கலிட்டு வழிபட்ட இடமாதலால் அந்தப் பெயர். அங்கே வங்கி நண்பர் காலை நீட்டி அமர்ந்து, முழங்காலை இருமுறை மடக்கிப் பார்த்துவிட்டு, “நான் இத்தோடு நிற்கிறேன்” என்று அமைதியாகச் சொன்னார். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் மறுக்கத் தொடங்கினோம். ஏறிவிடலாம், ஆனால் கயிற்றில் இறங்கும்போது என் கால் என்னைக் கைவிட்டால் உங்கள் மூவரையும் சேர்த்து இழுத்துவிடும் என்று அவர் சொன்னதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆறு மாத உழைப்புக்குப் பிறகு உச்சிக்குக் கண்ணெதிரே நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க எவ்வளவு தெளிவு வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் பயணத்தில் நான் கண்ட துணிவுகளில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன். அங்கே தங்கியிருந்த மற்றொரு குழுவின் வழிகாட்டியிடம் அவரை ஒப்படைத்துவிட்டு நடந்தோம்.

அதற்கு மேல் பாறைதான். செங்குத்தான சரிவுகளில் மேலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாறையின் மேல் மழை இல்லாத நாளிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் வழிந்துகொண்டே இருக்கிறது. கயிற்றை முதலில் நான் தவறாகப் பிடித்தேன். உடலைப் பாறையோடு ஒட்டி வைத்துக் கையால் இழுத்து ஏற முயன்றதில் காலணி வழுக்கி, இடது முழங்கை பாறையில் உரசி இரத்தம் வந்தது. வழிகாட்டி கீழிருந்து, “பாறையை விட்டுச் சாயணும் சாரே, கால் பாறையில் நேரா ஊணணும்” என்றார். பின்னால் சாய்வதற்கு மனம் எளிதில் இணங்குவதில்லை. கீழே பள்ளம் இருக்கும்போது உடல் தானாகவே பாறையைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறது. ஆனால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, கயிற்றில் எடையை ஏற்றியவுடன் காலணி வழுக்குவது நின்றது. ஒரு பிடி, ஓர் அடி, மறு பிடி, மறு அடி. தோழி என்னைவிட இலகுவாக ஏறினார். கயிற்றின் முடிச்சுகள் எத்தனையோ பேருடைய கை பட்டு மழமழவென்று இருந்தன.

இரண்டாம் கயிற்றின் முடிவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒரு செய்தி சொன்னார். திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் ஆலன் ப்ரௌன், 1855 இல் புவிக்காந்தத்தையும் வானிலையையும் அளப்பதற்காக இந்த மலையுச்சியில் ஓர் ஆய்வகம் நிறுவினார். கருவிகளும் பலகைகளும் உணவும் இதே மலைமேல் வந்து சேர்ந்திருக்கின்றன. ப்ரௌனின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அவற்றைத் தோளில் சுமந்து ஏறியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தபோது, எங்கள் முன்னால் ரப்பர் செருப்போடு நின்ற மனிதரை மூவரும் ஒருசேரப் பார்த்தோம். வரைக்கமுகு என்னும் காட்டுக் கமுகுகள் அந்தச் செங்குத்தில், மனிதர் நிற்கவே முடியாத விளிம்புகளில், நேராக நின்றுகொண்டிருந்தன. ட்ரூரி என்னும் ஆங்கிலேய அதிகாரி 1865 இல் இந்த மலைகளில் கண்டெடுத்த, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மஞ்சள் ஆர்க்கிடைப் பார்த்துவிட வேண்டும் என்பது நண்பரின் நெடுநாள் கனவு. திருடிப் பிடுங்கப்பட்டே அருகிப்போன செடி அது. பாதையை விட்டு இரண்டடி தள்ளிச் சென்று தேடலாமா என்று நான் கேட்டதற்கு, அது இருக்கும் இடம் எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதற்கு நல்லது என்று சொல்லிவிட்டார்.

உச்சியை நெருங்கியபோது தோழி நின்றுவிட்டார். எங்களைச் சுற்றி மரங்கள் இருந்தன. ஆனால் எதுவும் இடுப்புக்கு மேல் வளரவில்லை. பல காலமாகக் காற்று ஒரே பக்கமாக வாரிச் சீவியதுபோல் எல்லா முடிகளும் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. “உச்சியில் நீ காட்டுக்கு மேலே தலை தெரிய நடப்பாய் என்று அப்பா சொல்வார். கதைக்காகச் சொல்கிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த மரங்களின் தலைமேல் கையை வைத்துக்கொண்டே நடந்தார்.

1868 மீட்டர். உச்சியில் அகத்தியரின் சிறிய சிலை இருக்கிறது. காணி மக்களுக்கு இது அவர்கள் முன்னோர் காலத்திலிருந்து தெய்வம் உறையும் இடம். பெண்கள் ஏறுவதை அவர்களில் பலர் 2019 இல் எதிர்த்தார்கள். தோழி வழிகாட்டியிடம் நேராகவே கேட்டார்: “அண்ணே, நான் வந்ததில் உங்களுக்கு மனத்தாங்கல் உண்டா?” அவர் சற்று நேரம் யோசித்தார். “எங்க பாட்டிமார் ஏறினதில்லை டீச்சரே. ஏறக்கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. நீங்க கேட்டீங்களே, அது போதும். சாமிக்குக் கொஞ்சம் தள்ளி நின்னு கும்பிடுங்க.” தோழி அப்படியே தள்ளி நின்று கும்பிட்டார். ஏறும் உரிமை அவருக்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த உரிமையோடு வந்து நின்றும், அந்த மண்ணின் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டது எனக்கு மிகச் சரியாகப் பட்டது.

நாங்கள் ஏறிய நேரத்தில் உச்சியை மேகம் முழுவதுமாக மூடியிருந்தது. எதிரே ஐந்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்யவில்லை, ஆயினும் எங்கள் புருவத்திலும் சட்டை நூலிலும் நீர்மணிகள் கோத்துக்கொண்டன. காத்திருந்த வேளையில் நண்பர் ஒரு குட்டை மரத்தின் கிளையில் படிந்திருந்த பாசியின் மேல் உள்ளங்கையை மெல்ல வைக்கச் சொன்னார். கையின் சூட்டுக்கும் எடைக்கும் பாசி அமுங்கியவுடன் விரல்களின் இடையில் குளிர்ந்த நீர் ஊறி எழுந்தது. கையை எடுத்ததும் பாசி மறுபடி உப்பிக்கொண்டது, நீர் உள்ளே இறங்கிவிட்டது. மேகம் இந்த இலைகளிலும் பாசியிலும் உரசும்போது, மழையாகப் பெய்யாமலேயே துளிகளாகப் படிந்து சொட்டுகிறது என்றும், வேர்களும் மட்கும் அதைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாகக் கீழே விடுகின்றன என்றும், கோடையிலும் ஆறு முற்றாக வற்றாமல் இருப்பதற்கு இந்தக் காடு ஒரு காரணம் என்றும் நண்பர் விளக்கினார். பாடநூலில் படித்த செய்திதான். ஆனால் என் சுட்டுவிரலின் நுனியில் அந்தத் துளி திரண்டு, கனத்து, பாறைமேல் விழுந்து, பாறையின் சரிவில் கிழக்குப் பக்கமாக ஓடியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏறத்தாழ நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு காற்று திரும்பியது. மேற்கே முதலில் திறந்தது. பேப்பாறை நீர்த்தேக்கம் காட்டுக்கிடையில் வெள்ளித் தகடு போல் மின்னி மறைந்தது. பிறகு கிழக்கே. ஐந்தலைப் பொதிகையின் முடிகள் வரிசையாக எழுந்தன. அவற்றுக்குக் கீழே மடிப்பு மடிப்பாக இறங்கும் கருங்காடு. வீடோ சாலையோ ஒன்றும் இல்லை. தாமிரபரணியின் ஊற்றாகச் சொல்லப்படும் பூங்குளம் இருக்கும் திசையை வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டினார். தாமிரபரணி அந்த மடிப்புகளில் எங்கோ பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, எங்கள் ஊர்ப் படித்துறையைத் தொட்டு, நெல்லையைக் கடந்து, மொத்தம் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. வேறு மாநிலத்தின் தயவை எதிர்பார்க்காமல் தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து முடியும் ஆறு. அந்தச் சமவெளியைப் பார்க்க மூவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம். அங்கே வெண்புகை மட்டுமே தெரிந்தது. நான்கைந்து நிமிடங்களில் மேகம் மறுபடி மூடிக்கொண்டது. இருட்டுவதற்குள் முகாமை அடைய வேண்டும் என்று வழிகாட்டி அழைத்தார்.

இறக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். ஏற்றத்தைவிட அது கடினம். காலை எங்கே வைக்கிறோம் என்பது தெரியாமலேயே பின்னோக்கி இறங்க வேண்டியிருந்தது. வழிகாட்டி எனக்கு முன்னால் இறங்கி, என் காலணியைக் கையால் பிடித்து ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்தார். பொங்கலப்பாறையில் வங்கி நண்பர் எங்களுக்காக ஓடையிலிருந்து நீர் நிரப்பி வைத்திருந்தார். நாங்கள் மேலே இருந்த நேரமெல்லாம் சீகாரப் பூங்குருவி ஒன்று அந்த ஓடையோரம் வந்து வந்து பாடியதாகவும், மனிதன் சீழ்க்கை அடிப்பதைப் போலவே இருந்ததால் முதலில் நாங்கள்தான் திரும்பிவிட்டோம் என்று நினைத்ததாகவும் சொன்னார். தோழி தன் ஈரக் கையை அவர் கையில் வைத்து, “இது உச்சித் தண்ணீர்” என்றார்.

மூன்றாம் நாள், விதுரா

அதிகாலையில் கட்டு போட்ட மூட்டோடு வங்கி நண்பரை முன்னால் நடக்கவிட்டு, அவர் வேகத்துக்கே நாங்கள் மூவரும் இறங்கினோம். முட்டிடிச்சான் தேரியில் மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. நேற்று முன்தினம் யானைகள் நின்ற இடத்தில் முறிந்த மூங்கில் இலைகள் வாடியிருந்தன. காட்டுக்குள் ஒருமுறை தலைக்கு மேல் பெரும் இரைச்சல் கேட்டு அண்ணாந்தோம். இருவாச்சி ஒன்று இறக்கையடித்துச் சென்றது. பறவை மறைந்த பிறகும் அந்த இறக்கையொலி சில நொடிகள் கேட்டுக்கொண்டிருந்தது.

கரமனையாற்றில் காலணிகளைக் கழற்றி நெடுநேரம் நீரில் கால் வைத்திருந்தோம். மேற்கே ஓடும் இந்த ஆற்றின் நீரும் நேற்று என் விரலிலிருந்து கிழக்கே போன துளியும் ஒரே மேகத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று தோன்றியது. பாறையின் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுதான் வேறுபாடு.

சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து எண்ணினார்கள். எட்டுதான் இருந்தது. ஒரு மாத்திரை அட்டை குறைந்தது. நால்வரும் எல்லா உறைகளையும் கவிழ்த்துத் தேடினோம். உச்சியில் எங்காவது விழுந்திருக்குமோ என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு பதறியது. கடைசியில் வங்கி நண்பரின் மழைச்சட்டையின் உள்பையில், வலிக்காக அவர் பொங்கலப்பாறையில் விழுங்கிய மாத்திரையின் வெற்று அட்டை கிடைத்தது. ஒன்பது என்று குறித்துக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். வழிகாட்டி எங்களிடம் விடைபெற்று, அடுத்த குழுவின் பைகளை எண்ணும் இடத்துக்குப் போய் நின்றார்.

நாளை நெல்லை வண்டி. தோழி இப்போது பக்கத்து அறையில் தந்தையிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். உச்சியில் மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்று அவர் கேட்டிருக்க வேண்டும். “கிழக்கே அப்பா, நம்ம ஊரைப் பார்த்து” என்று தோழி சொல்வது சுவருக்கு இப்பால் கேட்கிறது.